ஷட்டர் வைத்த பெட்டி

என் மாமனார் வேம்புலி செய்த முதல் பெட்டிக்குள் தண்ணீர் புகாது. செய்து முடித்த அன்று அதை அடிபம்புக்குக் கீழே வைத்து, மேலே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். பிறகு மூடியைக் கழற்றி, உள்ளே கையை விட்டுத் துழாவி, கையை என் முன்னால் நீட்டினார். உலர்ந்திருந்தது.

"பாத்தியா மாப்ள. ஒரு சொட்டு?"

"கம்ப்யூட்டர் மேல யாரும் தண்ணி ஊத்த மாட்டாங்க மாமா."

"நீ ஊத்த மாட்ட. மழ ஊத்தும்."

தொண்ணூற்றாறாம் வருஷம், ஐப்பசி மாசம். அண்ணனூரில் மின்சார ரயில் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் தாழ்வான தெரு அது. மழை வலுத்தால் ஸ்டேஷன் பக்கத்துத் தண்ணீரெல்லாம் அங்கே வந்து நிற்கும். போன வருஷம் வீட்டுக்குள் முழங்கால் அளவு ஏறி டிவி போய்விட்டது. மாமனார் அந்தப் பணிமனையில் தகடு ஃபிட்டர். ரயில் பெட்டிகளுக்கு அடியில் இரும்புப் பெட்டிகள் தொங்கும். உள்ளே ஒயர்களும் ஸ்விட்சுகளும் இருக்கும். தண்டவாளத்தில் தண்ணீர் தேங்கினாலும் அவற்றுக்குள் போகக் கூடாது. அவற்றைச் செப்பனிடுவதுதான் அவர் வேலை. கனத்த தகடு, சுற்றிலும் ரப்பர் பட்டை, இறுக்கிய போல்ட்டு. கம்ப்யூட்டருக்குப் பெட்டி வேண்டும் என்று நான் அளவு கொடுத்தபோது அவர் அதைத்தான் செய்தார்.

அவர் நண்பர் துலுக்கானம் பக்கத்து வீடு. அதே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்று பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா வேம்புலி, இதுக்கு நம்பர் போட்டு வண்டில மாட்டிடலாம் போல கீதே. ராணி இத்த வெச்சி டைப் அடிக்கப் போவுதா, இல்ல பீச் ஸ்டேஷனுக்கு ஓட்டிகினு போவப் போவுதா?"

"உனுக்கு இன்னா தெரியும். எலி பூராது, கரப்பான் பூராது."

"கரெண்டாவது பூருமா?"

மாமனார் ஈரத்தைத் துடைத்து, என்னை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லிப் பெட்டியை உள்ளே தூக்கிப் போனார். தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டர் ராணிக்கு. ராணி என் மனைவி சொர்ணத்தின் தங்கை. சொர்ணம் அந்த ஆடி மாசத்தில் இறந்துபோனாள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. குழந்தை இல்லை.

நான் பி.எஸ்ஸி. படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை செய்தேன். ஒரு ஆபீசில் பழைய மெஷின்களை மாற்றியபோது போர்டு, டிஸ்க், மானிட்டர், கீபோர்டு எல்லாம் எனக்குக் கிடைத்தன. பெட்டிகளை மட்டும் முன்பே பழைய இரும்புக்குப் போட்டிருந்தார்கள். ராணி டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, ஆவடியில் தமிழ் பேஜ் செட்டிங் கற்றிருந்தாள். கரையான்சாவடியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அருள்தாஸ், வீட்டில் மெஷின் இருந்தால் எழுத்து கோக்கும் வேலையைத் தொடர்ந்து தருவதாகச் சொல்லியிருந்தார். தை மாச முகூர்த்தங்களுக்குக் கார்த்திகையிலேயே பத்திரிகை வேலை தொடங்கிவிடும்.

வேலைக்காக மட்டும் அவள் மெஷினைக் கேட்கவில்லை. மாமியார் அங்கம்மா, ராணியைத் தையில் எனக்குக் கட்டிவைத்துவிட வேண்டும் என்று இருந்தார். மாமனார் நடுவில் புகுந்து ஒன்று சொன்னார். மெஷின் ஓடி, வேலை வந்து, அவள் தன் காலில் நின்றால் கல்யாணப் பேச்சு இப்போது வேண்டாம். ஓடவில்லையென்றால் அத்தை சொன்னபடி தை. அத்தை ஒப்புக்கொண்டார். அது ஓடாது என்று அவருக்கு நம்பிக்கை இருந்தது.

என்னை யாரும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் காட்டுப்பாக்கத்திலிருந்து அங்கே போவேன். சொர்ணம் இருந்தபோது ஏற்பட்ட பழக்கம். அத்தை ஏரிக் கெண்டை வாங்கிக் குழம்பு வைப்பார். முள் அதிகம். சாப்பிட நேரமாகும். அதனால் பேச வேண்டியிருக்காது.

பெட்டி மேல் தண்ணீர் ஊற்றிய அன்றும் கெண்டைதான்.

"பீரோவ தொடச்சி வெக்கிறீங்களா மாப்ள? மழ காலம். துரு வெச்சிடும்."

"தொடைக்கிறேன் அத்தை."

"உள்ள பூச்சி உருண்ட போட்டீங்களா?"

"அவ போட்டதே இருக்கு."

"அது கரைஞ்சி பூட்டிருக்கும். வேற போடுங்க."

வாராவாரம் பீரோவைப் பற்றிக் கேட்பார். அந்த பீரோ மாமனார் தன் கையால் செய்து சொர்ணத்துக்குச் சீராகக் கொடுத்தது. எங்கள் ஜனங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை இல்லாமல் பெண் இறந்தால், காரியம் முடிந்ததும் சீர்ச் சாமான்களைத் தாய்வீட்டுக்குத் திருப்பிவிடுவார்கள். சாமான் திரும்பினால் உறவு முடிந்தது. தங்கச்சிக்காரி வரப்போகிறாள் என்றால் சாமான் அங்கேயே இருக்கும். காரியத்தன்று என் அப்பா பீரோவை ஏற்றிவிட வண்டி பேசியபோது அத்தை தடுத்துவிட்டார். "அங்கியே கெடக்கட்டும்" என்றார். எல்லோருக்கும் புரிந்தது.

ராணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பீரோப் பேச்சு வந்தால் அவள் அங்கே நிற்க மாட்டாள்.

சாப்பிட்ட பிறகு மெஷினைப் பூட்டினோம். போர்டின் முதுகு தகட்டில் படக் கூடாது. பித்தளைக் கால்கள் வைத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். ஓட்டைகளின் இடம் துல்லியமாக இருக்க, தினசரிக் காலண்டரின் அட்டையில் போர்டை வைத்துக் குத்தி ஏற்கெனவே அடையாளம் கொடுத்திருந்தேன். மாமனார் மயிரிழை பிசகாமல் போட்டிருந்தார். பின்பக்கம் கேபிள்கள் வரும் இடங்களில்கூட ரப்பர் வளையம். மின்சாரப் பகுதியின் ஃபேன் காற்றை வெளியே தள்ள நான் கேட்டிருந்த ஓட்டையை மட்டும், மேலே மழைக்கு ஒரு தகட்டு மறைப்பு வைத்து, விட்டிருந்தார்.

"காத்து உள்ள வர வழி இல்லையே மாமா. சைடுலயும் முன்னாடியும் ஓட்ட போடணும்."

"அதான் ஒண்ணு போட்டுகீறேனே."

"அது வெளிய போறதுக்கு."

"வெளிய போவும்போது வேற காத்து உள்ள வந்துதான ஆவணும்?"

"எது வழியா?"

அவர் ரப்பர் பட்டையை விரலால் தடவிக்கொண்டே யோசித்தார். "மொதல்ல ஓட்டு மாப்ள. ஓடலன்னா அப்பால பாக்கலாம். போட்ட ஓட்டைய அடைக்க முடியாது."

ஓடியது. திரையில் எழுத்து வந்தது. ராணி நாற்காலி நுனியில் உட்கார்ந்து தமிழில் தன் பெயரை அடித்தாள். அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். துலுக்கானம் தன் பெயரையும் அடிக்கச் சொன்னார். அடித்ததும், "அச்சுல பாத்தா ஜோராதான் கீது. ஆள பாத்தாதான் பேஜாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ரயிலேறும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு போனபோது ராணி வாசலிலேயே நின்றாள்.

"நிக்குது மாமா."

"எப்போ?"

"டெய்லி. ஒரு பத்திரிக்க முழுசா அடிக்க வுட மாட்டுது. மாப்பிள்ள பேரு வர்ற வரிக்கும் ஓடுது. பொண்ணு பேருல நிக்குது."

மூடியைக் கழற்றினேன். உள்ளிருந்து அனல் முகத்தில் அடித்தது. போர்டைத் தொட முடியவில்லை.

"உள்ள ரெண்டு தட்டு வெச்சா இட்லி வெந்துடும்" என்றார் அத்தை. "ஊட்டுக்கு ஒதவியாவாவது இருக்கும்."

"நீ சும்மா இரு அங்கம்மா."

"நான் சும்மாதான் கீறேன். அதான் கொதிக்குது."

மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டினோம். நிற்காமல் ஓடியது. ராணி விட்ட இடத்திலிருந்து அடித்தாள். வெளியே மழை. காலி ரயில் ஒன்று பணிமனைக்குள் மெதுவாகப் போனது. மாமனார் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, திறந்து கிடந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் செய்த ஒன்று அம்மணமாக நிற்பதுபோல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த நேரத்தில் கூரையிலிருந்து ஒரு பல்லி போர்டின் மேல் விழுந்தது. திரை அணைந்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். பல்லி செத்திருந்தது. துடைத்துத் திரும்பப் போட்டதும் மெஷின் ஓடியது. ஆனால் அத்தை அதைப் பார்க்கக் காத்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"பல்லி வுயுந்து செத்துப்போன ஊட்ல இனிமே இன்னா வேல நடக்கும். போதும். தையில நாள் பாத்துடலாம்."

"பல்லிக்கு இன்னாம்மா தெரியும்" என்றாள் ராணி.

"உனுக்கு தெரியுமா எல்லாம்? ஒருத்திய அனுப்பிட்டு நான் உக்காந்துகினு கீறேன். உனுக்கு தெரிஞ்சிடுச்சி."

 மாமனார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஓட்ட போட்டு பிரயோஜனம் இல்ல மாப்ள. பொட்டிய ரொம்ப ஒட்டினாப்ல பண்ணிட்டேன். உள்ள காத்து சுத்த எடமே இல்ல. தகடும் கனம். வேறதான் பண்ணணும். பெருசா. இருபது கேஜுல. பீரோவுக்கு போடுவோமே, அந்த மாதிரி தகடு."

அவர் வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. தகட்டின் கனத்தைத்தான் சொன்னார்.

ராணி என்னோடு ஸ்டேஷன் வரை வந்தாள். கடையில் சாமான் வாங்க வேண்டும் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு வந்தாள். ஒரே குடை. அதை என்னிடம் கொடுத்துவிட்டு, தாவணியைத் தலையில் போட்டுக்கொண்டு தள்ளி நடந்தாள். தெருவில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது.

"நீங்க வாய தொறந்து ஒண்ணு சொல்லுங்களேன் மாமா."

"என்ன சொல்லணும்?"

"வேணும்னாவது சொல்லுங்க, வேணாம்னாவது சொல்லுங்க. அம்மா ஒருத்திதான் பேசிகினு கீது. நீங்களும் நைனாவும் தகடு, கேஜுன்னு பேசிகினு கீறீங்க."

"வேணாம்னு சொன்னா அத்தை என்ன நெனைப்பாங்க?"

அவள் தாவணியை நெற்றிவரை இழுத்துக்கொண்டாள். "இனிமே இந்த ஊட்டுக்கு வர மாட்டீங்கன்னு நெனைக்கும்."

"அதுதான்."

"எனக்கும் அதான் பேஜாரா கீது. நீங்க வரலன்னா ஞாயித்துக்கெழம எங்க ஊட்ல மீனே வாங்க மாட்டாங்க. ஒரு வாரம் ஜொரம்னு நீங்க வரல, அன்னிக்கி நைனா ட்யூட்டிக்கு பூட்டாரு, லீவுன்னே மறந்துட்டு." சிரிக்கப் பார்த்தாள். "அதுக்காவ நான் அக்கா பீரோவுல என் துணிய அடுக்க முடியுமா சொல்லுங்க. மேல் தட்டுல அவுளுது, கீழ் தட்டுல என்னுதா? தொறக்கும்போதெல்லாம் அவ வாசன வரும். நீங்க யார பாப்பீங்க, நான் யாரா நிப்பேன்?"

வண்டி வரும் ஒலி கேட்டது.

"உங்கள புடிக்கலன்னு இல்ல மாமா."

"தெரியும்."

"தெரியும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். குடையை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

காட்டுப்பாக்கத்தில் என்னுடையது ஒற்றை அறை வீடு. ஆடியிலிருந்து என் சட்டைகள் கொடியில்தான் கிடந்தன. பீரோவைத் துடைத்தேன் என்று அத்தையிடம் சொன்னது உண்மைதான். வெளியே மட்டும் துடைத்தேன்.

அந்த வாரம் ஒரு நாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து அதைத் திறந்தேன். வலது கதவு திறக்கும், ஆனால் சரியாகச் சாத்தாது. சொர்ணம் கை நிறையத் துணியோடு நின்று அதை இடுப்பால் இடித்துச் சாத்துவாள். வீடு அதிரும். கதவில் அந்த இடம் மட்டும் உள்வாங்கியிருந்தது. அப்பாவிடம் சொல்லிச் சரி செய்யலாம் என்றால் வேண்டாம் என்பாள். "நைனா கையால செஞ்சது. கொற சொன்னா மூஞ்சி சுருங்கிடும்."

புடவைகளையும் ரவிக்கைகளையும் எடுத்து ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கினேன். பூச்சி உருண்டைகள் பட்டாணி அளவுக்குக் கரைந்திருந்தன. அவற்றையும் போட்டேன். அதிக நேரம் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மீன்பாடி வண்டிக்காரரைப் பேசி பீரோவை ஏற்றினேன். முன்னால் சரக்குத் தட்டும் பின்னால் மோட்டாரும் வைத்த மூன்று சக்கர வண்டி. கயிறு கட்டி, டிரங்கை மேலே வைத்து, நான் பீரோவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பூந்தமல்லி வழியாக ஆவடி ரோட்டைப் பிடித்தோம். குமணன்சாவடியில் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, விற்கப் போகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அண்ணனூர்த் தெருவில் வண்டி நுழைந்தபோது துலுக்கானம் வாசலில் பல் குச்சியோடு நின்றிருந்தார்.

"இன்னா மாப்ள, ஊடு காலி பண்ணிட்டியா?"

வண்டியிலிருந்து இறங்கினேன். அவர் பீரோவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு, வந்து ஒரு பக்கம் பிடித்தார்.

பீரோவை முற்றத்தில் இறக்கினோம். அத்தை மீன் உரசிக்கொண்டிருந்தார். கையில் செதிளோடு எழுந்து வந்தார். ஓரத்தில் ராணி நின்றாள். மாமனார் சட்டை போடாமல் வெளியே வந்தார்.

"இன்னா மாப்ள இது?" என்றார் அத்தை.

"மாமா இருபது கேஜு தகடு வேணும்னு சொன்னாரு."

"தகடு கடையில கெடைக்காதா?"

"கெடைக்கும் அத்தை."

அவர் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். நானும் பார்வையை விலக்கவில்லை. மீன் செதிள் அவர் மணிக்கட்டில் ஒட்டி மினுங்கியது.

"அப்போ திருப்பிட்டீங்க" என்றார்.

"திருப்ப வரல அத்தை."

"சீர் சாமான கொண்டாந்து என் வாசல்ல எறக்கிட்டு திருப்பலன்னா இன்னா அர்த்தம்? நான் இன்னா கொயந்தையா?" குரல் உயரவில்லை. "ஒருத்தி பூட்டா. நீங்களும் போறீங்க. நேரா சொல்லிட்டு போவலாமே. இவ்ளோ கனத்த எதுக்கு தூக்கிகினு வர்றீங்க?"

"மாமா இதுல ராணிக்குப் பெட்டி செய்யட்டும். உங்க பொண்ணுக்குக் குடுத்ததுதான இது. இதுவும் உங்க பொண்ணுக்குத்தான் போவுது."

"அத்த அறுக்கப் போறீங்களா?" மாமனார் பக்கம் திரும்பினார். "நீ அறுப்பியா? நீ செஞ்சத நீயே அறுப்பியா?"

மாமனார் பீரோவின் அருகில் போய் நின்றார். மூலையில் தான் வைத்த வெல்டிங் பற்றுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். சின்னச் சின்ன வட்டமாகத் தெரிந்தன. அவருக்கு அழுகை வருமோ என்று நினைத்தேன். வரவில்லை.

"அடித்தட்டு வரிக்கும் நல்ல தகடு" என்றார். "துரு இல்ல. தொடைச்சிதான் வெச்சிகீறான்."

அத்தை டிரங்கைத் திறந்து பார்த்தார். மூடினார். மேலே வைத்திருந்த கை செதிளோடு இருப்பதைப் பார்த்து முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு டிரங்கைத் தானே இழுத்துக்கொண்டு உள்ளே போனார். ராணி பிடிக்கப் போனாள். விடவில்லை. உள்ளிருந்து நெடுநேரம் அம்மியின் ஓசை மட்டும் வந்தது. வெறும் அம்மியை அரைப்பதுபோல இருந்தது.

மாமனார் உளியை வைத்துப் பற்றுகளை ஒவ்வொன்றாகத் தெறிக்கவிட்டார். கதவுகள் கழன்றன. இடது கதவில் இருந்த கண்ணாடியைத் துலுக்கானம் தன் வீட்டுக்கு எடுத்துப் போவதாகச் சொன்னார். "என் மூஞ்சிய பாத்தா அதுக்குத்தான் பேஜாரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

தகட்டைத் தரையில் போட்டுச் சாக்குக்கட்டியால் கோடு போட்டபோதுதான் பழைய சிக்கல் வந்தது.

"ஓட்ட போடணும். போடறேன். எவ்ளோ வேணாலும் போடறேன். ஆனா பூச்சி பூரும், மேல பல்லி வுயும், கூர ஒய்குனா தண்ணி பூரும். பத்து நாள்ல மறுபடி அங்கம்மா உக்காந்துடுவா."

ராணி வந்து தகட்டருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"நைனா, நீ வண்டிக்கு அடில தொங்கற பொட்டிய நெனச்சிகினு பண்ற. அங்க யாரு உக்கார்றாங்க? யாரும் இல்ல. வண்டிக்கு மேல, ஜனங்க உக்கார்ற எடத்துல, மழ வந்தா இன்னா பண்ணுவாங்க?"

"ஷட்டர எறக்குவாங்க."

"எறக்கினா மூச்சு முட்டுதா?"

மாமனார் அவளைப் பார்த்தார். மின்சார ரயிலின் ஜன்னலில் தகட்டு ஷட்டர் இருக்கும். சாய்ந்த பட்டைகள் வரிசையாக இருக்கும். இறக்கிவிட்டால் மழை வெளியே வழிந்துவிடும், இடுக்குகளில் காற்று வரும். அவர் எத்தனையோ ஷட்டர்களை நெளிவெடுத்து மாட்டியவர்.

"அட" என்றார். 

கழிவுத் துண்டு ஒன்றில் முதலில் செய்து பார்த்தார். உளியால் நேராக ஒரு வெட்டு. அதன் கீழே ஒரு கம்பியைக் கொடுத்து, மேலிருந்து மரச்சுத்தியால் தட்ட, வெட்டின் ஒரு ஓரம் இமை திறப்பதுபோல எழுந்தது. அடுத்தது அதற்குக் கீழே. ராணி ஒரு டம்ளர் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். வெளிப்பக்கமாக வழிந்தது. உள்பக்கம் உலர்ந்திருந்தது. உள்ளே மெல்லிய வலை வைத்தால் பூச்சியும் போகாது.

பக்கத் தகட்டுக்கு வலது கதவை எடுத்தார். புரட்டிப் போட்டவர் நிறுத்தினார்.

"இது இன்னா, இங்க வெளியில இருந்து இடி பட்டுகீது?"

"கதவு சரியா சாத்தாது மாமா. இடுப்பால இடிப்பா."

"ஏன் சாத்தாது?" கீல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "கீல எறக்கமா வெச்சிட்டேன். நூலளவு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்து ஏத்தி வெச்சிருப்பேனே."

"சொல்ல வேணாம்னா."

அந்தக் குழியில் உள்ளங்கையை வைத்தார். சரியாகப் பொருந்தியது. கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கதவைத் திருப்பிப் போட்டு, அடியில் மரக்கட்டையைக் கொடுத்து, மேலே சுத்தியால் மெல்லத் தட்டினார். தகடு சமமானது. அந்த இடத்தில்தான் ஷட்டர் வெட்டினார்.

சாப்பாடு நேரம் தாண்டிவிட்டது. அத்தை கூப்பிடவில்லை. ராணி உள்ளே போய் ஆறிப்போன குழம்பை எடுத்துவந்து போட்டாள். கெண்டைக்கு உப்பு இல்லை. மாமனார், ராணி, நான் மூவரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டோம்.

பெட்டி முடிய இரண்டு வாரம் ஆனது. டியூட்டி முடிந்து வந்து மாமனார் சாயங்காலங்களில் செய்தார். உள்ளே கை புகுந்து திரும்பும் அளவுக்கு இடம் விட்டார். அடியில் நான்கு கால்களை முழங்கால் உயரத்துக்கு வைத்தார். வெள்ளம் வந்தாலும் மேலேதான் நிற்கும். நிறம் பீரோவின் பழைய பச்சையே. மேலே புதிதாக எதுவும் அடிக்கவில்லை. பார்க்க, கால் முளைத்த ரயில் ஜன்னல் மாதிரி இருந்தது. அந்த மாதிரி ஒரு பெட்டியை நான் எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை.

கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறன்று மெஷினைப் பூட்டி ஓட்டினோம். காலையில் போட்டது. அருள்தாஸ் அனுப்பிய பத்திரிகை வேலைகள் சேர்ந்து கிடந்தன. ராணி அடித்துக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம். அடுத்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மாமனார் வந்து ஷட்டரின் முன்னால் கையைக் காட்டிவிட்டுப் போனார். துலுக்கானம் எட்டிப் பார்த்து, "வண்டி லேட் இல்லாம ஓடுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். செய்ய எதுவும் இல்லை. அந்த இரண்டு வாரமும் அத்தை என்னோடு பேசவில்லை. மீன் குழம்பும் இல்லை. வெறும் ரசம். போடுவார், எடுத்துப் போவார். மெஷின் ஓடிவிட்டால் நான் எதற்காக வருவேன் என்று அவரும் யோசித்திருக்க வேண்டும். நானும் யோசித்தேன். காட்டுப்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் அத்தை வந்தார். அரிசி களைந்த கை ஈரமாக இருந்தது. மெஷின் அருகில் நின்று, அது நிற்கிறதா என்று பார்த்தார். நிற்கவில்லை. குனிந்து, ஷட்டருக்கு எதிரே கையை நீட்டினார். பிறகு சுற்றிப் போய், பின்பக்கம் காற்று வெளியேறும் இடத்தில் நீட்டினார். ஈரக் கையில் அது தெரிந்திருக்கும்.

"இந்தப் பக்கம் இயுக்குது. அந்தப் பக்கம் வுடுது" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"ஆமாம்மா" என்றாள் ராணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அத்தை பச்சைத் தகட்டைத் தடவினார். கதவின் பழைய பூட்டு இருந்த ஓட்டையில் மாமனார் ஸ்விட்சைப் பொருத்தியிருந்தார். அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு என் அருகில் வந்து தரையில் உட்கார்ந்தார். முந்தானையால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"மாப்ள."

"சொல்லுங்க அத்தை."

"இது எத்தினி நாளிக்கு ஒரு தபா கெட்டுப்பூடும்?"

ராணியின் விரல்கள் ஒரு கணம் நின்று, மறுபடி அடிக்கத் தொடங்கின.

நான் பெட்டியைப் பார்த்தேன். ஷட்டர் வழியாகக் காற்று சீராகப் போய்க்கொண்டிருந்தது. எப்போதாவது தூசி தட்டினால் போதும். வருஷக்கணக்கில் ஓடும்.

"வாரத்துக்கு ஒரு தடவ பாத்துக்கணும் அத்தை."

"யாரு பாக்கறது?"

"நான்தான்."

"ஞாயித்துக்கெழம பாத்தா போதுமா?"

"போதும்."

அத்தை முந்தானையை இடுப்பில் செருகினார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்து உள்ளே போனார். உலை கொதிக்கும் சத்தம் கேட்டது. அரிசிப் பானையின் மூடி திறந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று பேருக்குக் களைந்து வைத்திருந்ததோடு இன்னொரு ஆழாக்கு அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்க ஆரம்பித்தார்.